எண்ணெய், நீர், எரிவாயு செப்பரேட்டரின் உள்பாகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் டிசைன் அலுவலகங்களில் புதிதாகச் சேரும் நம் பிள்ளைகளும், ஷா ஆலாம், பாசிர் கூடாங் பட்டறைகளில் கலன் கட்டுகிறவர்களும், கெர்த்தே, லாபுவான் வழியாக ஆப்ஷோர் போய்வருகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறோம். இங்குள்ள எண்கள் முதற்கட்டக் கணக்குக்கு உரியவை. உங்கள் புரொஜெக்ட் பெட்ரோனாஸ் தொழில்நுட்பத் தரநிலையின் கீழ் வந்தாலோ வேறு நிறுவனத் தரநிலையின் கீழ் வந்தாலோ, அதில் உள்ள வரம்பையே எடுத்துக்கொள்ளுங்கள்.

"செப்பரேட்டர் என்றால் ஒரு பெரிய டாங்கிதானே? உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது?"

எஃகுச் சுவர் அழுத்தத்தைத் தாங்குகிறது, அவ்வளவுதான். எண்ணெயையும் நீரையும் வாயுவையும் பிரிப்பது புவியீர்ப்பு. அது தன் வேலையைச் செய்யத் தேவையான அமைதியை உண்டாக்குபவை உள்பாகங்கள்.

படுத்திருக்கும் த்ரீ-ஃபேஸ் செப்பரேட்டர் ஒன்றில் திரவம் போகும் வழியிலேயே நாமும் போவோம். முதலில் இன்லெட் டிவைஸ்: குழாயில் சீறி வரும் கலவையின் வேகத்தை முறிக்கிறது. அடுத்து துளையிட்ட பேஃபிள் தகடுகள்: ஓட்டத்தைக் கலனின் முழுக் குறுக்குவெட்டுக்கும் பரப்புகின்றன. நடுவில் தேவைப்பட்டால் பிளேட் பேக் (சாய்ந்த தகடுகளின் அடுக்கு): துளிகள் விழ வேண்டிய தூரத்தைக் குறைக்கிறது. கடைசியில் வியர் தடுப்பு: எண்ணெய் அதன் மேல் வழிந்து மறுபக்கம் போகும், நீர் இந்தப் பக்கமே நிற்கும். வாயு வெளியேறும் வாயிலுக்கு முன் மெஷ் பேட் (பின்னிய கம்பி மெத்தை), வேன் பேக் (வளைந்த தகடுகளின் அடுக்கு), சைக்ளோன் (சுழற்றிப் பிரிக்கும் குழாய்) ஆகியவற்றில் ஏதாவது ஒரு துளிபிடிப்பான், அதாவது டிமிஸ்டர். திரவ வாயில்களின் மேல் சுழலைத் தடுக்கும் வோர்டெக்ஸ் பிரேக்கர். மணல் வரும் வயல் என்றால் அடியில் மணலைக் கழுவித் தள்ளும் நீர்த்தாரை, அதாவது சாண்ட் ஜெட்.

"டிசைனை எதிலிருந்து ஆரம்பிக்கணும் சார்? அதிகபட்ச ஓட்டம் மட்டும் கொடுத்திருக்காங்க."

அது போதாது. வயலின் ஆயுள் முழுவதற்கும் எண் கேளுங்கள். தொடக்க ஆண்டுகளில் வாயுவும் எண்ணெயும் உச்சத்தில் இருக்கும். பிற்காலத்தில் நீர் உச்சத்துக்குப் போகும். இரண்டும் ஒரே ஆண்டில் வருவதில்லை. எல்லா உச்சங்களையும் ஒன்றாகக் கூட்டினால் கலன் வீணாகப் பெரிதாகும். முதல் ஆண்டை மட்டும் பார்த்தால் பத்தாவது ஆண்டில் நீர் வியரைத் தாண்டும்.

கேட்டு வாங்க வேண்டியவை: ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று ஓட்டங்களின் அதிக, இயல்பு, குறைந்த அளவுகள், கலனின் வெப்பநிலையில் அடர்த்தியும் பாகுத்தன்மையும், ஸ்லக்கின் (குழாயில் திடீரெனத் திரண்டு வரும் திரவத்தின்) கொள்ளளவு, மணல், மெழுகு, நுரை உண்டா என்ற விவரம், வாயுவில் துளி எவ்வளவு, எண்ணெயில் நீர் எவ்வளவு, நீரில் எண்ணெய் எவ்வளவு விடலாம் என்ற வரம்பு. பாகுத்தன்மையை 40 டிகிரியில் அளந்த ஆய்வக அறிக்கையிலிருந்து எடுத்து 28 டிகிரியில் ஓடும் கலனுக்குப் போடுவதுதான் அதிகம் பார்க்கும் தவறு. மெழுகு எண்ணெயில் அந்த 12 டிகிரி வித்தியாசமே கணக்கைப் புரட்டிப்போடும்.

"இன்லெட்டில் ஒரு தகட்டை எதிரே வைத்து மோதவிட்டால் போதாதா? பழைய கலன்களில் அப்படித்தானே இருக்கு?"

பழைய கலன்களில் இருக்கிறது என்பது உண்மை. பல இடங்களில் தொல்லைக்குக் காரணமும் அதுவே. தகட்டில் மோதும் திரவம் சின்னஞ்சிறு துளிகளாகச் சிதறுகிறது. மத்தால் மோர் கடைவது போல எண்ணெயையும் நீரையும் நாமே கலக்கிவிட்டு, பிறகு பிரியவில்லையே என்று தேடுகிறோம்.

தேர்வு செய்ய உதவுவது உந்த அளவு. கலவையின் அடர்த்தியை நாஸில் (கலனின் குழாய்வாய்) வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது இது, அலகு பாஸ்கல். எந்த டிவைஸும் இல்லையென்றால் சுமார் 1,400 வரை, பாதிக்குழாய் வைத்தால் சுமார் 2,100 வரை, வேன் வகை இன்லெட் வைத்தால் 6,000 முதல் 8,000 வரை விடுவது வழக்கம். சைக்ளோன் வகை இதற்கு மேலும் தாங்கும். உதாரணமாக, கலவை அடர்த்தி கனமீட்டருக்கு 40 கிலோ, வேகம் விநாடிக்கு 12 மீட்டர் என்றால் 40 × 144 = 5,760. பாதிக்குழாய்க்கு இது மிக அதிகம், வேன் வகைக்குச் சரி.

எண் வரம்பைத் தாண்டினால் முதலில் நாஸிலைப் பெரிதாக்கிப் பாருங்கள். உந்த அளவு விட்டத்தின் நான்காம் அடுக்கில் குறையும். 10 அங்குல நாஸிலை 12 ஆக்கினாலே ஏறக்குறைய பாதியாகிவிடும். வேன் வகைக்கு இன்னொன்று: நாஸிலுக்கு முன் குழாய் விட்டத்தைப் போல் பத்து மடங்காவது நேர்க்குழாய் வேண்டும். முழங்கை வளைவை ஒட்டியே நாஸிலை வைத்தால் திரவம் ஒரு பக்கமாக ஒதுங்கி வரும். வேன்களில் பாதி சும்மா நிற்கும்.

"பேஃபிள் தகட்டில் எத்தனை சதவீதம் துளை? ஒன்று போதுமா, இரண்டு வைக்கணுமா?"

பொதுவாகத் தகட்டின் பரப்பில் 20 முதல் 30 சதவீதம் துளை. ஆனால் சதவீதத்தைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

திரவம் கலனில் விநாடிக்கு 0.02 மீட்டர் வேகத்தில் போகிறது, துளை 20 சதவீதம் என்றால், துளைக்குள் வேகம் 0.1 மீட்டர். அடர்த்தி 850, வெளியேற்றக் கெழு 0.6 என்று வைத்தால் தகட்டின் இருபுற அழுத்த வேறுபாடு சுமார் 12 பாஸ்கல். எண்ணெய் உயரத்தில் சொன்னால் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு! இன்லெட்டிலிருந்து 0.5 மீட்டர் வேகத்தில் ஒரு தாரை வந்து மோதினால் அதன் இயக்க அழுத்தம் 106 பாஸ்கல். 12 பாஸ்கல் தடை 106 பாஸ்கலை எப்படிப் பரப்பும்? தாரை நேராகத் துளைத்துக்கொண்டு போய்விடும். ஆகவே இன்லெட் டிவைஸ் தாரையை முறித்த பிறகே பேஃபிளுக்குப் பலன். இன்லெட்டில் விட்ட பிழையைக் கீழே எந்தத் தகடும் திருத்தாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமானால் இதை வையுங்கள்.

ஓட்டம் முரடாக இருந்தால் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு தகடு வைப்பது, ஒரே தகட்டில் துளையை மிகவும் குறைப்பதைவிட நல்லது. துளையை அளவுக்கு மீறிக் குறைத்தால் துளைக்குள் வேகம் ஏறித் துளி உடையும். தகட்டின் அடியில் மணல் நகர்ந்து போக ஒரு சிறு இடைவெளி விட மறக்க வேண்டாம். ஆனால் அதைப் பெரிதாக விட்டால் திரவம் முழுக்க அந்த வழியாகவே ஓடும்.

"கே எண், கே எண் என்கிறார்களே, அது என்ன?"

1934-இல் சௌடர்ஸும் பிரவுனும் கொடுத்த சமன்பாட்டில் வரும் கெழு. வாயு எவ்வளவு வேகமாகப் போனால் துளியைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்பதற்கான வரம்பு அது. திரவ அடர்த்தியிலிருந்து வாயு அடர்த்தியைக் கழியுங்கள், வாயு அடர்த்தியால் வகுங்கள், வர்க்கமூலம் எடுங்கள், கே எண்ணால் பெருக்குங்கள். கிடைப்பது அனுமதிக்கத்தக்க வேகம்.

மெஷ் பேட் வைத்த நிமிர்ந்த கலனுக்கு கே விநாடிக்கு 0.107 மீட்டர் என்பது நெடுநாள் பழக்கம். அழுத்தம் ஏற ஏற இதைக் குறைக்க வேண்டும். கே 0.1 என்று வைத்து இரு நிலைகளைப் பாருங்கள். வாயு அடர்த்தி 8, திரவம் 800 என்றால் வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர் வரை போகலாம். உயர் அழுத்தத்தில் வாயு அடர்த்தி 55, திரவம் 780 என்றால் 0.36 மீட்டர்தான். கிளைகால், அமைன் போன்ற நுரைக்கும் திரவங்களுக்கு 0.6 முதல் 0.8 வரையான கெழுவால் இன்னும் குறைக்க வேண்டும்.

"மெஷ் பேட், வேன் பேக், சைக்ளோன்: எதைப் போடுவது? சப்ளையர் ஒவ்வொருத்தரும் தங்களுடையதே சிறந்தது என்கிறார்."

வாயு சுத்தமாகவும் ஓட்டம் மிதமாகவும் இருந்தால் மெஷ் பேட்டை மிஞ்ச ஆளில்லை. 0.28 மி.மீ. கம்பி, 150 மி.மீ. தடிப்பு, 97 சதவீதத்துக்கு மேல் வெற்றிடம் கொண்ட சாதாரண பேட் 10 மைக்ரான் துளிகளைக்கூட நன்றாகப் பிடிக்கும். சுத்தமான பேட்டின் அழுத்த இழப்பு இரண்டு மூன்று மில்லிபாருக்குள் அடங்கும், விலையும் குறைவு. அதற்கு ஆகாதவை மெழுகும் மணலும். தீபகற்பத்தின் கிழக்குக் கரைக்கு அப்பால் மலாய் படுகையில் மெழுகு மிகுந்த எண்ணெய் தரும் வயல்கள் உண்டு. அங்கே குளிர்ந்த கலனில் மெஷ் பேட் போட்டால் அது மெழுகுப் பாளமாகிவிடும்.

வேன் பேக்கில் இடைவெளி அகலம் என்பதால் எளிதில் அடைபடாது. ஆனால் அது பிடிப்பது 20 முதல் 40 மைக்ரானும் அதற்கு மேலும்தான். அழுத்தம் ஏறும்போது திறமையும் இறங்கும். சைக்ளோன் சிறிய இடத்தில் அதிக வாயுவைத் தாங்கும். உயர் அழுத்தத்திலும் சளைக்காது. அதற்கு விலையாக 20 முதல் 50 மில்லிபார், சில சமயம் அதற்கு மேலும் இழப்பு. அந்த இழப்பு என்ன செய்யும் என்பது அடுத்த கேள்வியில்.

குறைந்த ஓட்டத்தையும் கேளுங்கள். டிசைன் வேகத்தின் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் மெஷ் பேட்டில் சிறு துளிகள் கம்பியில் மோதாமல் வளைந்து நழுவிவிடும். ஓட்டம் குறைந்தால் எல்லாமே நன்றாகப் பிரியும் என்று நினைப்பது இங்கே பொருந்தாது.

"டிமிஸ்டர் புதுசு, கம்பெனி பெயரும் நல்ல பெயர். ஆனாலும் வாயுவோடு எண்ணெய் போகுது. ஏன்?"

பாதிச் சந்தர்ப்பங்களில் குற்றவாளி வடிகால் குழாய். டிமிஸ்டர் பெட்டிக்குள் பிடித்த திரவம் ஒரு குழாய் வழியாகக் கீழே இறங்க வேண்டும். பெட்டியின் உள்ளே அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைவு. ஆகவே கீழேயுள்ள திரவம் குழாயில் மேலேறி நிற்கும்.

இழப்பு 20 மில்லிபார், திரவ அடர்த்தி 800 என்றால் ஏறும் உயரம் 2,000 ÷ (800 × 9.81), அதாவது 255 மி.மீ. சுத்தமான கணக்கு இது. குழாயில் இருப்பது வாயு கலந்த, அடர்த்தி குறைந்த எண்ணெய். எனவே ஒன்றரை மடங்காவது வைத்துக்கொள்ளுங்கள். இந்த உயரத்தைச் சாதாரணத் திரவ மட்டத்திலிருந்து அளப்பவர்கள் ஏமாறுவார்கள். மிக உயர்ந்த மட்டத்திலிருந்து பெட்டியின் அடிவரை அளக்க வேண்டும். குழாயின் கீழ்முனையோ மிகத் தாழ்ந்த மட்டத்துக்கும் கீழே மூழ்கியிருக்க வேண்டும். முனை வெளியே தெரிந்தால் வாயு அதன் வழியாகவே மேலேறி, பிடித்த திரவத்தையும் வாரிக்கொண்டு போகும். கலன் காலியாகத் தொடங்கும் நேரத்துக்காக முனையில் ஒரு சிறு கிண்ணம் வைத்துத் திரவப் பூட்டு செய்வது நல்ல பழக்கம்.

மற்றப் பாதியில் பார்க்க வேண்டியவை: பேட்டுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி, பேட்டுக்கு மிக அருகில் வாயு நாஸில், நுரை. பேட்டைச் சற்றுப் பெரிதாக வெட்டி இறுக்கிப் பொருத்தினால் முதலாவது தீரும். இரண்டாவதற்கு, பேட்டின் மேற்பரப்பிலிருந்து நாஸிலுக்கு 45 டிகிரி கூம்பு வரைந்து பாருங்கள். பேட்டின் விளிம்பு கூம்புக்கு வெளியே விழுந்தால் அந்தப் பகுதி வேலை செய்யாது. நடுப்பகுதியில் வேகம் வரம்பைத் தாண்டும்.

"எண்ணெய் எத்தனை நிமிஷம் கலனுக்குள் நிற்கணும்?"

ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) 12ஜே தரநிலை தரும் வழிகாட்டல்: 35 டிகிரி ஏ.பி.ஐ.க்கு (இந்த எண் கூடினால் எண்ணெய் லேசு) மேற்பட்ட லேசான எண்ணெய்க்கு 3 முதல் 5 நிமிடம். அதற்குக் கனமான எண்ணெய்க்கு வெப்பநிலையைப் பொறுத்து 5 முதல் 30 நிமிடம் வரை.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் கைப்பிடி கிடைக்கும். ஸ்டோக்ஸ் விதிப்படி துளி விழும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கும் அடர்த்தி வேறுபாட்டுக்கும் நேர்விகிதம், பாகுத்தன்மைக்கு எதிர்விகிதம். அடர்த்தி வேறுபாடு 170, எண்ணெயின் பாகுத்தன்மை 5 சென்டிபாய்ஸ் என்று வைப்போம். 500 மைக்ரான் நீர்த்துளி விநாடிக்கு 4.6 மி.மீ. விழும்; ஒரு மீட்டர் எண்ணெய் அடுக்கைக் கடக்க மூன்றரை நிமிடம். 200 மைக்ரான் துளி 0.74 மி.மீ.தான் விழும்; அதே ஒரு மீட்டருக்கு 22 நிமிடம். 50 மைக்ரான் துளிக்கு ஆறு மணி நேரம். அதற்காக யாரும் கலனைப் பெரிதாக்குவதில்லை. எண்ணெய்–நீர்க் கலங்கலைப் பிரிக்கும் டிமல்சிஃபயர் மருந்து, வெப்பம், மின்புலத்தால் துளிகளை ஒன்றுசேர்க்கும் கோலெஸர் ஆகியவற்றுக்குத்தான் போக வேண்டும். மருந்தைக் கலனின் வாசலில் ஊற்றிப் பயனில்லை. ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக் வால்வுக்கு முன்பே செலுத்தினால்தான் கலக்கும் வேலையை ஓட்டமே செய்துவிடும்.

இன்னொன்றையும் பாருங்கள். காகிதத்தில் நிற்கும் நேரம் 5 நிமிடம் என்பது கொள்ளளவை ஓட்டத்தால் வகுத்தது. ஓட்டம் ஒரு பக்கமாகக் குறுக்கு வழியில் போனால் உண்மையில் 2 நிமிடம்கூட நிற்காது. பேஃபிள் கேள்வியில் சொன்னது இங்கேதான் உதைக்கும்.

"பிளேட் பேக் வைத்தால் கலனைச் சின்னதாக்கலாமாமே?"

சரிதான், நிபந்தனைகளோடு. துளி ஒரு மீட்டர் விழ வேண்டியதில்லை. அடுத்த தகட்டைத் தொட்டால் போதும், அங்கே மற்றத் துளிகளோடு சேர்ந்து பெரிதாகி வழுக்கி இறங்கும். தகடுகளின் செங்குத்து இடைவெளிதான் கணக்கில் வரும். டிராயிங்கில் காட்டும் இடைவெளி வேறு. 20 மி.மீ. இடைவெளித் தகடுகளை 45 டிகிரியில் சாய்த்தால் துளி விழும் தூரம் 28 மி.மீ.; 60 டிகிரியில் 40 மி.மீ. முன்கேள்வியின் 200 மைக்ரான் துளிக்கு முறையே 38 விநாடி, 54 விநாடி. 22 நிமிடம் எங்கே, இது எங்கே!

நிபந்தனை ஒன்று: தகடுகளுக்கு நடுவே ஓட்டம் சலனமில்லாமல் அடுக்கடுக்காகப் போக வேண்டும், கொந்தளித்தால் தகட்டில் சேர்ந்ததையே அலசி எடுத்துப்போகும். இரண்டு: மணலும் மெழுகும். மணல் உண்டு என்றால் 60 டிகிரி சாய்வும் அகலமான இடைவெளியும் வைத்து, திறமையில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். மெழுகு படியும் வெப்பநிலைக்குக் கீழே ஓடும் கலனில் பிளேட் பேக் வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அடைபட்ட பேக்கைவிட வெறும் கலன் நன்றாகப் பிரிக்கும். மூன்று: பேக்கின் பக்கங்களிலும் மேலேயும் அடைப்புத் தகடு வேண்டும், இல்லாவிட்டால் திரவம் சுற்றிக்கொண்டு போகும்.

"வியர் உயரத்தை எப்படி முடிவு செய்வது?"

எண்ணெய்–நீர் எல்லையின் மிக உயர்ந்த மட்டத்துக்கு மேல் போதிய எண்ணெய் அடுக்கு நிற்கும்படி. வியரின் மேல் வழியும் எண்ணெயின் தடிப்பையும் சேர்க்க மறக்காதீர்கள். விநாடிக்கு 0.05 கனமீட்டர் ஓட்டம், 2 மீட்டர் நீள வியர் என்றால் பிரான்சிஸ் சமன்பாட்டின்படி 57 மி.மீ. மட்டக் குறிகளுக்கு நடுவே குறைந்தது 100 மி.மீ. விடுவது பழக்கம். அதில் 57 மி.மீ. பிசகு வந்தால் அலாரம் எல்லாம் தப்பாகும்.

வியரைக் கலனோடு முழுவதும் வெல்ட் செய்து நீர் கசியாமல் அடைக்க வேண்டும். போல்ட் போட்ட வியரின் கேஸ்கெட் கெட்டால் நீர் அடிவழியாக எண்ணெய் அறைக்குள் வரும். மட்டக் கருவிகள் எல்லாம் சரியாகக் காட்டும், எண்ணெயில் மட்டும் நீர் குறையாது.

"பக்கெட்–வியர் வகையில் இன்டர்ஃபேஸ் கன்ட்ரோலே தேவையில்லையாமே? அதையே போட்டுவிடலாமா?"

எண்ணெய் அடர்த்தி மாறாத வயலுக்குப் போடலாம். அதில் எண்ணெய் ஒரு வியரின் மேல் வழிந்து பக்கெட்டுக்குள் விழும், நீர் பக்கெட்டின் அடியில் போய் இன்னொரு வியரின் மேல் வழியும். எண்ணெய்–நீர் எல்லையைக் கருவியால் கட்டுப்படுத்துவதற்கு (இன்டர்ஃபேஸ் கன்ட்ரோல்) பதிலாக, எண்ணெய் வியருக்கும் நீர் வியருக்கும் உள்ள உயர வித்தியாசமே எண்ணெய் அடுக்கின் தடிப்பைத் தீர்மானிக்கிறது. எண்ணெய் 850, நீர் 1,020 என்றால் 600 மி.மீ. எண்ணெய் அடுக்குக்கு வித்தியாசம் 100 மி.மீ. வைக்க வேண்டும்.

இப்போது பக்கத்து வயலின் லேசான எண்ணெய் சேர்ந்து அடர்த்தி 800 ஆனது என்று வையுங்கள். அதே 100 மி.மீ. வித்தியாசத்தில் அடுக்கு சுமார் 464 மி.மீ. ஆகச் சுருங்கும். எண்ணெய் நிற்கும் நேரம் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விட்டது, யாரும் எதையும் தொடாமலே. ஆகவே நீர் வியரை உயரம் மாற்றக்கூடியதாகச் செய்யுங்கள். கனமான எண்ணெய்க்கு இந்த வகையே பொருந்தாது: அடர்த்திகள் நெருங்க நெருங்க, மில்லிமீட்டர் பிசகு அடுக்கின் தடிப்பில் பல சென்டிமீட்டர் ஆகும்.

"வோர்டெக்ஸ் பிரேக்கர் அவ்வளவு முக்கியமா?"

முக்கியம், மலிவும்கூட. அது இல்லாவிட்டால் சுழல் வழியாக எண்ணெய் வாயிலில் வாயுவும், நீர் வாயிலில் எண்ணெயும் இறங்கும். குறுக்குத் தகடும் மேல்மூடியும் கொண்ட எளிய வகை, நாஸில் விட்டத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு அகலத்தில் போதும். மணல் உள்ள கலனில் நாஸிலைக் கலனின் அடிமட்டத்துக்குச் சற்று மேலே நீட்டிவிடுங்கள்.

"நுரைக்கு மருந்து ஊற்றினால் போதாதா? உள்பாகம் எதற்கு?"

தே தாரிக் ஆற்றுவதைப் பாருங்கள். உயரத்திலிருந்து ஊற்றுவதால்தான் அந்த நுரை. கலனுக்குள்ளும் இன்லெட்டிலிருந்து திரவம் மேலிருந்து விழுந்து தெறித்தால் நுரை வராமல் என்ன செய்யும்? சைக்ளோன் வகை இன்லெட் திரவத்தைச் சுழற்றி, மட்டத்துக்குக் கீழே விடுகிறது. சுழற்சியிலேயே குமிழிகள் உடைகின்றன. அதன் அடிமுனை எப்போதும் மூழ்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் வாயு அடிவழியாகச் சீறி நிலைமையை மோசமாக்கும்.

சிலிக்கோன் மருந்து நன்றாகவே நுரையை அடக்கும். ஆனால் அது எண்ணெயோடு போய் ரிஃபைனரியின் வினையூக்கியைக் கெடுக்கும். அளவைக் கட்டுக்குள் வைத்து, உள்பாகத்தால் முடிந்ததை முதலில் செய்யுங்கள்.

"சாண்ட் ஜெட் இருக்கு, ஓட்டியும் பார்த்தோம், மணல் போகவே இல்லை!"

முதலில் கேட்க வேண்டியது, எத்தனை நாளுக்கு ஒருமுறை ஓட்டுகிறீர்கள்? மாதக்கணக்கில் விட்ட மணல் எண்ணெயும் மெழுகும் சேர்ந்து இறுகிவிடும். வாரத்துக்கு ஒருமுறையாவது ஓட்டி, வரும் மணலின் அளவைப் பார்த்து இடைவெளியை மாற்றுங்கள்.

இரண்டாவது, எல்லா ஜெட்டையும் ஒரே நேரத்தில் திறப்பது. நீர் எல்லாவற்றுக்கும் பங்காகி எங்குமே வேகம் கிடைக்காது. முனையில் விநாடிக்குச் சுமார் 6 மீட்டர் வேகமாவது வேண்டும். கலனைச் சுமார் ஒன்றரை மீட்டர் நீளப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஜெட் வரிசை, தனி வடிகால், தனி வால்வு வையுங்கள். ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுங்கள். வடிகாலை முதலில் திறந்து, பிறகு ஜெட்டைத் திறக்க வேண்டும். ஜெட்டின் வேகம் எல்லையைக் கலக்கி நீரில் எண்ணெயை ஏற்றும் என்பதால், ஓட்டும் நேரத்தில் எல்லை மட்டத்தைச் சற்று உயர்த்திக்கொள்வது நல்லது.

"எல்லாத்தையும் 316எல்-லில் செய்துட்டா பிரச்சினை இல்லைதானே?"

பெரும்பாலும் 316எல் என்னும் துருப்பிடிக்கா எஃகு போதும், மெல்லிய தகட்டுக்கும் கம்பிக்கும் அரிப்புக்கான கூடுதல் தடிப்பு கொடுக்க இடமில்லை என்பதால். ஆனால் சூடான உப்புநீரில் குளோரைடால் அதில் விரிசல் வரும். அங்கே டூப்ளெக்ஸ் வகை எஃகைப் பாருங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால், அந்தச் சூழலுக்கான உலோகங்களைச் சொல்லும் நேஸ் எம்.ஆர். 0175 தரநிலைக்கு உட்பட வேண்டும். கார்பன் எஃகுச் சுவரில் நேரடியாகத் துருப்பிடிக்கா எஃகை வைத்தால், நீர் நிற்கும் பகுதியில் சுவர் அரிக்கும். சுவரின் உள்பூச்சு ஒரு கீறலில் விட்டாலும் அரிப்பு முழுவதும் அந்தக் கீறலில் குவியும்.

"பட்டறையில் கடைசி நேரத்தில் கிளிப் ஒன்றை வெல்ட் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?"

கலன் வெப்பச் சிகிச்சை முடித்துவிட்டால், சுவரில் வெல்ட் கூடாது. டிசைனரின் ஒப்புதலும் புதிய நடைமுறையும் இல்லாமல் தொடாதீர்கள். இந்த நிலை வருவதற்குக் காரணம் எப்போதும் ஒன்றுதான்: உள்பாக சப்ளையரின் டிராயிங், கலனின் டிராயிங் முடிந்த பிறகு வருகிறது. சப்போர்ட் வளையம், கிளிப், வடிகால் குழாய்ப் பிடி எல்லாவற்றின் இடமும் கலனின் டிராயிங்கில் ஏறிய பிறகே பட்டறைக்குப் போக வேண்டும்.

அதேபோல் ஒவ்வொரு துண்டும் மேன்வே (ஆள் நுழையும் வாயில்) வழியாக நுழைய வேண்டும். 24 அங்குல மேன்வேயின் உள்விட்டம் 600 மி.மீ.க்குச் சற்றுக் குறையும். 580 மி.மீ. துண்டைச் சாய்த்து நுழைக்கலாம் என்று காகிதத்தில் தோன்றும். பக்கத்தில் பேஃபிள் நிற்கும் என்பது தோன்றாது. ஒருவர் தூக்கக்கூடிய எடையும் முக்கியம், உள்ளே கிரேன் இல்லை. நட்டுகள் அதிர்வில் கழன்று வால்வில் போய்ச் சிக்காமலிருக்க இரட்டை நட்டு போடுங்கள். மெஷ் பேட்டை மேலிருந்தும் கட்டிப் பிடிக்க வேண்டும்; திடீரென அழுத்தம் இறங்கினால் அது மேல்நோக்கிப் பறக்கும்.

"கப்பலில் உள்ள செப்பரேட்டருக்கு என்ன வித்தியாசம்? கிக்கே மாதிரி ஆழ்கடலில்?"

சபாவுக்கு அப்பால் 2007-இல் உற்பத்தி தொடங்கிய கிக்கே போன்ற வயல்களில் கலன் நிற்பது மிதக்கும் கப்பலின் மேல். கப்பல் ஒரு டிகிரி சாய்ந்தால் 12 மீட்டர் கலனின் இருமுனைத் திரவ மட்டம் 200 மி.மீ.க்கும் மேல் வேறுபடும். மட்டக் குறிகளின் 100 மி.மீ. இடைவெளி அங்கே எதற்கும் ஆகாது.

கலனைக் கப்பலின் நீளவாக்கில், கூடுமானவரை நடுவில் வைப்பார்கள். துளையிட்ட பேஃபிள்களைப் பல இடங்களில் போட்டு அலையின் நீளத்தை உடைப்பார்கள். அலையின் இயற்கையான ஊசலும் கப்பலின் ஆட்டமும் ஒரே கால அளவில் சேர்ந்துவிடக் கூடாது. இந்தத் தகடுகள் இலட்சக்கணக்கான முறை அலையடி வாங்கும் என்பதால் உலோகக் களைப்புக் (ஃபேட்டீக்) கணக்குத் தனியாகப் போட வேண்டும். டிமிஸ்டர் வடிகாலின் உயரத்தையும் சாய்ந்த மட்டத்தை வைத்தே அளக்க வேண்டும்.

"சி.எஃப்.டி. ஓட்டிப் பார்த்துவிட்டோம், படம் அழகாக வந்தது. இனிக் கவலை இல்லையே?"

சி.எஃப்.டி. என்பது திரவ ஓட்டத்தைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பது. ஓட்டம் சீராகப் பரவுகிறதா, எங்கே சுழல், எந்த வேன் சும்மா நிற்கிறது, கப்பலில் அலை எப்படி அடிக்கிறது: இவற்றுக்கு அது நல்ல கருவி. துளிகள் ஒன்றோடொன்று சேருமா, கலங்கல் அடுக்கு எவ்வளவு தடிக்கும், மருந்து வேலை செய்யுமா என்பதை அது நம்பத்தக்கபடி சொல்லாது. துளியின் அளவை நாமே உள்ளீடாகக் கொடுத்துவிட்டு, விடையில் பிரிப்புத் திறன் 99 சதவீதம் என்று வந்தால், அது நாம் கொடுத்த எண்ணின் எதிரொலிதான். அந்த அளவு எங்கிருந்து வந்தது என்று அறிக்கை எழுதியவரிடம் கேளுங்கள்.

"பழைய கலனைத் திறந்து உள்பாகம் மாற்றப் போகிறோம். எதை முதலில் பார்க்கணும்?"

ஆளை. கலன் ஓர் அடைபட்ட இடம். ஜே.கே.கே.பி.யின் (மலேசியத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) 2010 நடைமுறைக் கோவைப்படி அங்கீகாரம் பெற்ற வாயுப் பரிசோதகர், உள்ளே போகத் தகுதி பெற்றவர், வாசலில் காத்து நிற்பவர் மூவரும் வேண்டும். ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். காலையில் ஒருமுறை அளந்தது மாலைக்குச் செல்லாது. சகதியைக் கிளறும்போது வாயு வெளியாகும்.

அடுத்து மெஷ் பேட். சல்ஃபைடு உள்ள கலனில் அதன் கம்பிகளில் இரும்பு சல்ஃபைடு படிந்திருக்கும். காற்றுப் பட்டதும் தானாகவே தீப்பிடிக்கும். திறப்பதற்கு முன்பிருந்து, வெளியே கொண்டுபோய் வைக்கும் வரை நனைத்தே வையுங்கள். மலாய் படுகையிலும் தாய்லாந்து வளைகுடாவிலும் சில வயல்களின் வாயுவில் பாதரசம் உண்டு. அது எஃகிலும் சகதியிலும் தங்கியிருக்கும். வெல்டிங்கின் சூட்டில் ஆவியாகும்.

பிறகுதான் டிசைன். சுவரில் வெல்ட் செய்யாமல் வேலை முடிக்க விரிந்து இறுகும் வளையங்களும் பழைய கிளிப்பில் போல்ட் செய்யும் சட்டங்களும் இருக்கின்றன. பழைய டிராயிங்கை நம்பி அளவெடுக்காதீர்கள். கலன் முழு வட்டமாக இருப்பதில்லை. கிளிப்புகள் டிராயிங்கில் உள்ள இடத்தில் இருப்பதில்லை. முந்தைய ஷட்டவுனிலேயே ஒருவரை உள்ளே அனுப்பி, மூன்று நான்கு இடங்களில் உள்விட்டத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் அளந்து, ஒவ்வொரு கிளிப்பையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாய்ப்புக் கிடைக்காவிட்டால், சட்டங்களில் நீள்துளை வைத்து ஒவ்வொரு பக்கமும் 15 மி.மீ.யாவது நகர்த்தக்கூடியதாகச் செய்து, உபரியாக அடைப்புத் தகடுகளையும் பெட்டியில் போட்டு அனுப்புங்கள்.